இடக்கைக்குப் பட்டாணி

வலக்கைக்குக் கைதட்டல்.
இடக்கைக்கு
உறைந்த பட்டாணிப் பொட்டலம்.
இருபத்தேழு வருடக் கணக்கு இவ்வளவுதான்.

அக்கார்டியன் பதினோரு கிலோ.
பிள்ளையை அணைத்தாற்போல வாசிக்கிறாய் என்று
கோடைக்கு ஒருவராவது சொல்லிவிடுவார்.
பிள்ளை என்றால் இந்நேரம்
மடியை விட்டு இறங்கி ஓடி, கல்யாணம் முடித்து,
மாதம் ஒருமுறை போன் செய்திருக்கும்.
இது அன்றும் பதினோரு கிலோ, இன்றும் பதினோரு கிலோ.
இளைத்தது என் தோள்.

குளிர்காலத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன்.
முதலில் தெரிந்தது அங்கேதான்.
பீலினென் ஏரியை ஒட்டி நெளியும் சாலையில்
ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடிக்கும்போதெல்லாம்
தோள்பட்டைக்கு உள்ளே யாரோ
ஈரத்துணி பிழிந்தார்கள்.
மணிக்கட்டில், கட்டைவிரல் கிளம்பும் இடத்தில்
ஒரு கம்பி சூடேறியது.
பின்சீட்டுப் பையன் கேட்டான்:
"தூவி, ஏன் வளைவுக்கு வளைவு
கெட்ட வார்த்தை?"

செய்யாத வைத்தியம் இல்லை.
சௌனாவில் பிர்ச் இலைக்கொத்தை எடுத்து
வலக்கை அடிக்க, இடத்தோள் வாங்கியது,
பங்காளிச் சண்டை மாதிரி.
குதிரைக்குப் பூசும் களிம்பைப் பூசினேன்.
பேருந்தில் பிள்ளைகள் ஜன்னலைத் திறந்தார்கள்,
மைனஸ் பதினெட்டில்.
மாத்திரையை நம்பி ஒரு ஜூலை முழுக்க வாசித்தேன்.
ஆகஸ்டில்
காபிப் பாத்திரத்தை இரண்டு கையாலும்
தூக்கவேண்டி வந்தது.

"பெட்டியையும் கொண்டுவா" என்றான்
பிசியோதெரபிஸ்ட் ஈமெலி.
விரலைப் பார்ப்பான் என்று நினைத்து
இருப்பதிலேயே கடினமான பொல்காவை எடுத்தேன்.
அவன் என் தாடையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
"துருத்தி மூச்சு விடுகிறது.
நீ விடவில்லை."
சொன்னது அவ்வளவுதான், பில் எண்பது யூரோ.

இல்லை, நியாயமாகச் சொல்ல வேண்டும்,
இன்னும் கொஞ்சம் செய்தான்.
இரண்டு வாரையும் முதுகில் சேர்க்க
ஒரு குறுக்குப் பட்டை மாட்டினான்.
இடப்பக்க வாரை இரண்டு துளை இறுக்கினான்.
பாரம் தொடையில் இறங்கும் உயரத்துக்கு
நாற்காலியைத் தேடி எடுத்தான்.
துருத்தியைக் கொஞ்சமாக விரி,
அடிக்கடி திருப்பு,
இருபது நிமிடத்தில் இறக்கி வை என்றான்.
ஆட வந்தவர்களிடம் என்ன சொல்வது?
"தோள் என்று சொல்."

ஜூன் மாத சனிக்கிழமை. இரவு பத்து மணி,
ஏரிமேல் வெயில் இன்னும் கிளம்புகிற மாதிரி இல்லை.
நடனக் கொட்டகையில்
மூன்றாவது சுற்றுக்கு முன் பெட்டியை இறக்கினேன்.
பாஸ் கிட்டார் வெய்கோ நிமிர்ந்து பார்த்தான்.
"தோள்" என்றேன்.
"ம்" என்றான்.
எங்கள் பக்கத்தில் இது நீண்ட உரையாடல்.

பெண்கள் அழைக்கும் நேரம் என்று
பலகை விளக்கு எரிந்தது.
இத்தனை வருடமும் அந்த வெளிச்சத்தை
ஆடுபவர்கள் முகத்தில்தான் பார்த்திருக்கிறேன்.
சுவரோரம் நின்ற டிராக்டர் மெக்கானிக் தௌனோவிடம் போய்
பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி
கையை நீட்டினேன்.

டாங்கோ.
அவர் தோளுக்கு ஏறவேண்டிய என் இடக்கை
பாதியில் நின்றுவிட்டது.
கேட்கவில்லை அவர். அதைப் பிடித்துத்
தன் முழங்கையில் வைத்துக்கொண்டார்.
"எனக்கு முழங்கால்" என்றார்.
"திருப்பங்களை மெதுவாக."

பின்னால்
அக்கார்டியன் இல்லாத டாங்கோ
கிழிந்த சட்டை மாதிரி இருந்தது.
கிழிசல் வழியாக நன்றாகக் காற்று வந்தது.
தாடை எப்போது தளர்ந்தது என்று தெரியாது.

ஞாயிறு காலை.
தோள்வலி போயிற்று என்றால் பொய்.
இருக்கிறது, தன் வீட்டில் இருப்பதுபோல.
கெண்டைக்காலில் ஒன்று புதிதாக வந்திருக்கிறது.
பட்டாணிப் பொட்டலம் ஒன்றுதான்.
முதலில் எதற்கு வைப்பது என்று
குளிர்பெட்டியைத் திறந்துபோட்டு
நின்றுகொண்டிருக்கிறேன்.